பந்தாட்ட ஆசான் ரகீம்

பல்கலைக்கழகத்திற்கு வருமுன் நான் படித்தது பாலக்காட்டுப் பக்கத்தில், சித்தூர் வட்டத்தை ஒட்டிய ஒரு கல்லூரி. என் ஊரோ மூணாறு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மூணாற்றிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்கிப் பாலக்காடு சேர்வதற்குள் மாநில எல்லையை இருமுறை கடக்க வேண்டும். கேரளத்தில் புறப்பட்டுத் தமிழ்நாட்டின் வழியே கேரளத்திற்கே போகும் இந்த வேடிக்கைப் பயணத்தை விடுமுறைதோறும் செய்திருக்கிறேன். இரண்டு முனையிலும் தமிழ் பேசுவோர் உண்டு. இரண்டு முனையிலும் கால்பந்துப் பித்தும் உண்டு. மூணாற்றில் தோட்டத்துக்குத் தோட்டம் மோதும் பின்லே கேடயப் போட்டி என்றால் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஊரே திடலுக்கு வந்துவிடும். பாலக்காட்டில் அறுவடை முடிந்த வயல்களில் எழுவர் ஆட்டம் விளக்கொளியில் நடக்கும்.

நான் சென்டர் பார்வர்டு. சிறு வயது முதல் கோல் அடிப்பது ஒன்றே ஆட்டம் என்று எண்ணி வந்தவன். கல்லூரியில் கடைசி ஆண்டு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்திற்கு இருபது நாட்களே இருந்தன. அப்போது எங்கள் ஸ்டாப்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மறுநாள் மாலை பி.டி. மாஸ்டர் என்னை அழைத்து, அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் நண்பர்கள் நகைப்பார்கள். இரண்டு நாள் பயிற்சிக்கே போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். மாஸ்டர் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. கணவாய்க் காற்று பனைகளை அலைத்துக்கொண்டிருந்த அந்த மாலையில், எல்லாரும் போன பிறகு, கோல் கம்பத்தடியில் என்னை உட்காரவைத்து ஒரு பள்ளி ஆசிரியரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் பாதி சொன்னார். மீதியை நான் தேடிப் படித்தேன். அந்தப் பெரியவரின் வரலாறே இக்கட்டுரை.

சையது அப்துல் ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அது நிஜாம் ஆண்ட காலம். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கேயே பல்கலைக்கழக அணிக்காகக் கால்பந்தும் ஆடினார். அப்பல்கலைக்கழகத்தின் மாணவரும் பழைய மாணவரும் சேர்ந்து ஆடிய குழு ஒன்றிலும் அவர் பெயர் இருந்தது. பட்டம் பெற்றதும் ஆசிரியரானார். காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களில் இருந்த பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பாடத்தோடு விளையாட்டையும் கவனிக்கலானார்.

அவர் பெரிய ஆட்டக்காரராகப் புகழ் பெற்றவர் அல்லர். சொந்த ஊர்க் குழுக்களில் ஆடியவர், அவ்வளவே. ஆனால் வகுப்பறையில் முப்பது நாற்பது பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருந்தது. எந்தப் பையனுக்கு எது வரும், எது வராது, வராததை எப்படி வரவழைப்பது என்று பார்க்கும் கண் அது. பிற்காலத்தில் அவர் செய்தவை யாவும் அந்தக் கண்ணின் வேலை என்றே நான் கருதுகிறேன்.

1940களின் முற்பகுதியில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார்; சாகும் வரை அப்பொறுப்பில் இருந்தார். செயலாளர் என்றால் கடிதம் எழுதிக் கணக்குப் பார்ப்பவர் என்றுதான் நாம் நினைப்போம். ரகீம் அப்பதவியை ஒரு பள்ளிக்கூடமாக்கினார். சிறுவர்களுக்கென்று புதுப்புதுப் போட்டிகளை ஏற்படுத்தினார். அவற்றுள் ஒன்றில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு எதிரியை ஏய்த்து ஓடுவது கூடாது. வாங்கிய பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும். இன்னொன்றில் வலக்காலன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும். குள்ளமான பிள்ளைகளுக்கென்றே ஒரு போட்டியும் வைத்தார்; உயரமானவர்களிடையே அவர்கள் திறமை கண்ணில் படாமல் போய்விடக் கூடாது அல்லவா? இவற்றின் அருமை படிப்பதால் விளங்காது. நம் விடுதித் திடலில் பத்தே நிமிடம் இடக்காலால் மட்டும் ஆடிப் பாருங்கள். நான் ஆடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பாதி நேரம் பந்து வேலிக்கு அப்பால் கிடந்தது.

1950 முதல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கு அவர் பயிற்சியாளர். பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி 1950 தொடங்கி 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. கல்கத்தாவின் பெருங்குழுக்களே கால்பந்து என்றிருந்த நாளில், தெற்கிலிருந்து ஒரு காவல்துறைக் குழு வந்து இப்படிச் செய்தது. தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையையும் ஐதராபாத் 1956, 1957 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து வென்றது.

இந்திய அணி அவர் கைக்கு வந்ததும் 1951இல் டில்லியில் முதல் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஈரானை ஒன்றுக்குப் பூச்சியம் என்று நம்மவர் வென்றனர். கோல் அடித்தவர் மேவாலால். மறு ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக். அங்கே யுகோசுலாவியா பத்துக் கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. அந்தக் குளிர் நாட்டில் நம் ஆட்டக்காரருள் பலர் வெறுங்காலோடு இறங்கினர் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் கூசுகிறது. அத்தோல்விக்குப் பிறகே காலணி கட்டாயமாயிற்று. தோற்ற அணியின் பயிற்சியாளர் வெட்கி வீட்டுக்குள் இருந்துவிடுவது உலக வழக்கம். ரகீம் வேறுவிதம். அவ்வாண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது அங்கேரி. அவர்களுடைய சென்டர் பார்வர்டு முன்னே நிற்காமல் பின்வாங்கி நின்று, எதிரியின் காப்பாளனைத் தன் பின்னே இழுத்து வந்து வழி திறந்துவிடும் உத்தியை ரகீம் நன்கு உள்வாங்கிக்கொண்டார். அதை நம் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்திக் கற்றுக் கொடுத்தார்.

நான்கு ஆண்டுகளில் அது பலன் தந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் அங்கேரி விலகிக்கொண்டதால் நமக்கு ஆட்டமில்லா வெற்றி. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை, அவர்கள் மண்ணிலேயே, நான்குக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. நான்காவது கோல் கிட்டு என்று எல்லாரும் அழைத்த கிருஷ்ணசாமி அடித்தது. அரையிறுதியில் யுகோசுலாவியாவிடம் ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம். அதிலும் முதல் கோல் நம்முடையது. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா வென்றது. நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்கு வந்த முதல் ஆசிய நாடு என்ற பெயர் நமக்கு நிலைத்தது. அணியிலிருந்த கோல் காவலர் இருவர். ஒருவர் எஸ். எஸ். நாராயண், ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாயில் ஆடிப் பெயர் பெற்றவர். பாலக்காட்டு மாவட்டத்து மண் மெல்போர்ன் வரை போயிருக்கிறது என்று எங்கள் மாஸ்டர் இவரைப் பற்றிச் சொல்லும்போது அவர் முதுகு சற்று நிமிரும். மற்றவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்து, குன்னூருக்கு அருகே வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடியவர். தொடக்க நாளில் இவரே ஒரு சென்டர் பார்வர்டு என்பது எனக்குப் புதுச் செய்தி.

1960 ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய வலிய நாடுகளோடு ஒரே பிரிவில் சிக்கினோம். பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். மற்ற இரண்டிலும் தோல்வி. அவ்வணியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார்.

இனி ஜகார்த்தா. எங்கள் மாஸ்டர் எனக்குச் சொல்ல வந்ததே இந்தப் பகுதியைத்தான்.

1962 ஆகஸ்டு இறுதியில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காம் ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா மறுக்கப்பட்டதால், இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கலாகாது என்று விழாவை முன்பு தோற்றுவித்தவருள் ஒருவரான நம் நாட்டு குரு தத் சோந்தி கருத்துரைத்தார். அது அங்கே பெரும் சினத்தை மூட்டியது. இந்தியத் தூதரகத்தின்மீதே கும்பல் பாய்ந்தது. இந்தியர் எந்தத் திடலில் இறங்கினாலும் கூச்சலும் ஏளனமும் எழுந்தன. பந்தாடப் போன பிள்ளைகளுக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன தொடர்பு? ஆனால் வசவைத் தாங்கியவர்கள் அவர்கள்தாம்.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் பூச்சியத்துக்கு இரண்டு என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றார்கள். ஆனால் அவ்வெற்றிக்குக் கொடுத்த விலை பெரிது. பின்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பஞ்சாபைச் சேர்ந்த ஜர்னைல் சிங் ஆசியாவின் தலைசிறந்த ஸ்டாப்பர் என்று எண்ணப்பட்டவர். அவர் இல்லாமலே சப்பானை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். எதிரே தென் வியட்நாம்.

தலையில் தையலோடு இருக்கும் ஒரு ஸ்டாப்பரை என்ன செய்வது? பின்னால் நிறுத்தினால், உயரே வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் முட்டியாக வேண்டும். உட்காரவைத்தால் அணியின் பலத்தில் பாதி உட்கார்ந்துவிடும். ரகீம் இங்கே ஓர் ஆசிரியருக்குரிய நினைவாற்றலைக் காட்டினார். ஜர்னைல் சிங் தம் கல்லூரி நாட்களில் சென்டர் பார்வர்டாக ஆடியவர் என்பது அவர் மனத்தில் இருந்தது. நாடே மறந்துபோன செய்தி அது. எதிரிகளுக்கோ தெரிந்திருக்க வழியே இல்லை. தலைக்கட்டோடு ஜர்னைலை முன்வரிசையில் நிறுத்தினார் ரகீம். பின்வரிசையின் நடுவை அருண் கோஷிடம் ஒப்படைத்தார்.

இதில் எவ்வளவு துணிவு இருக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோற்றிருந்தால், நாட்டின் முதல் ஸ்டாப்பரைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்திய மூடர் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்திருக்கும். அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு அடித்தார். இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னிலையில் இருந்து, பிறகு வியட்நாம் சமன் செய்து நெஞ்சை அடைக்கவைத்து, கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று தப்பிய ஆட்டம் அது.

இறுதி ஆட்டத்தில் எதிரி மீண்டும் தென் கொரியா; தொடக்கத்திலேயே நம்மைத் தோற்கடித்த அதே அணி. முந்தைய இரவு ஆட்டக்காரருக்கு உறக்கம் வரவில்லை. ரகீமும் உறங்கவில்லை. தம் பிள்ளைகளிடம் அவர் அன்று வியூகம் எதுவும் பேசவில்லையாம். நாளை எனக்கு நீங்கள் ஒரு பரிசு தர வேண்டும், அது தங்கம் என்ற அளவில் கேட்டுக்கொண்டாராம். இதைப் பிற்காலத்தில் பி. கே. பானர்ஜி பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வகுப்பில் எதையும் கேட்டு வாங்காத ஆசிரியர் ஒருவர் கடைசி நாளில் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? எனக்கு இவ்விடத்தைப் படிக்கும்போது தொண்டை அடைத்தது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

1962 செப்டம்பர் 4. செனாயன் திடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். நம் நாட்டுப் பண் ஒலித்தபோதும் கூச்சல் அடங்கவில்லை. அந்தக் கடலில் நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஆக்கி அணியினர். இந்தியாவுக்காகக் கைதட்டி உரக்க ஊக்கமளித்தார்கள் அவர்கள். அரசியல் பேசுவோர் அறியாத சில உறவுகள் விளையாட்டுத் திடலில் உண்டு.

ரகீம் அன்று இன்னொரு மாற்றமும் செய்திருந்தார். அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து எழுந்திருந்த தங்கராஜை நிறுத்தினார். ஆறடிக்கு மேற்பட்ட அந்த உயரம் கொரியரின் உயரப் பந்துகளுக்கு வேண்டியிருந்தது. பின்காப்பில் நம் கேரளத்து இரிஞ்ஞாலக்குடையைச் சேர்ந்த சந்திரசேகரன் இருந்தார். முன்வரிசையின் இடப்பக்கம் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

17ஆம் நிமிடத்தில் பானர்ஜி கோல் அடித்தார். மூன்றே நிமிடம் கழித்து இரண்டாவது கோல். அடித்தவர் ஜர்னைல் சிங். தையல் போட்ட தலையோடு, கல்லூரி நாளைய இடத்தில் நின்று. அதன் பின் ஒரு மணி நேரத்திற்கு மேல் பிடித்து நின்றார்கள். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கொரியா ஒன்று திருப்பியது. அதற்குமேல் வழி விடவில்லை. இரண்டுக்கு ஒன்று. ரகீம் கேட்ட பரிசு கிடைத்துவிட்டது.

அதுவே அவர் நாட்டுக்காக நடத்திய கடைசிப் பெரும் போட்டி. ஒன்பது திங்கள் கழித்து, 1963 ஜூன் 11ஆம் நாள், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது ஐம்பத்து மூன்று. ஜகார்த்தாவுக்குப் பிறகு 2023இல் ஹாங்சோவில் நடந்த விழா வரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. அவர் வாழ்க்கையைத் தழுவி 2024இல் மைதான் என்ற இந்திப் படம் வந்தது. நண்பர்களுள் சிலர் பார்த்திருக்கலாம். பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020இல் மறைந்தனர். சந்திரசேகரன், ஒற்றப்பாலத்து நாராயண், ரகீமின் மகன் ஹக்கீம் மூவரும் 2021இலும், பலராம் 2023இலும் காலமாயினர்.

கதையை மாஸ்டர் முடித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எனக்கு அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சிறு வயதில் தோட்டத்தில் ஆடும்போது எப்போதாவது பின்னால் நின்றதுண்டா என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். பெரிய பையன்கள் ஆடும்போது எட்டு வயதுப் பையனை யார் முன்னால் விடுவார்கள்? இரண்டு ஆண்டு பின்னால்தான் நின்றிருக்கிறேன். மலைச் சரிவில் உருண்டு போகும் பந்தை ஓடி மறிப்பதே என் வேலை. அதை நானே மறந்திருந்தேன். இவர் எப்படி ஊகித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

மீதி நாட்களில் காற்றோடு ஆடப் பழகினோம். பாலக்காட்டுக் கணவாயில் அந்தப் பருவத்தில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, உயர உதைத்த பந்தைப் பத்து முழம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே பந்தைத் தரையோடு தள்ள வேண்டும். கையில் வந்ததும் தோழனுக்குக் கொடுத்துவிட வேண்டும். மாஸ்டர் ஒரு வாரம் முழுவதும் எங்களை ஏய்த்து ஓட விடாமல் ஆடவைத்தார். அது எந்த ஊர்ப் பாடம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இறுதி ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. புள்ளிக் கணக்கில் கோப்பை வேறு கல்லூரிக்குப் போயிற்று. நான் இரவோடு இரவாக அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பின்லே கேடய ஆட்டங்களைத் தம் இளமை முதல் பார்த்து வந்தவர் என் தாத்தா. திண்ணையில் இருந்தபடியே, கடைசி ஆட்டத்தில் எத்தனை கோல் போட்டேன் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, பின்னால் நின்றேன் என்றேன். எத்தனை விட்டோம் என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அருகில் உட்கார்ந்து, தங்கராஜ் கோல் காத்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாட்டி சாப்பிடக் கூப்பிட்டது இருவர் காதிலும் விழவில்லை.